கொல்லைக்கு வரும் தேன்சிட்டு

நெல் பால் பிடிக்கும் நாளில் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பில் காவல் நிற்கும் விவசாயிக்கு, பறவைக்குத் தீனி வைத்துக் கூப்பிடுவது என்றால் சிரிப்புத்தான் வரும். வராதே என்று விரட்டுவதற்கே ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் காசு கொடுத்து அரிசியும் கம்பும் வாங்கி மொட்டை மாடியில் பறவைகளுக்கு வைப்பவர்கள் பலர் உண்டு. தேன்சிட்டு வர வேண்டும் என்பதற்காகவே தொட்டியில் செடி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நகரத்தாரின் இந்தப் பழக்கத்தில் விவசாயி எடுத்துக்கொள்ளத் தக்கதும் இருக்கிறது, தள்ள வேண்டியதும் இருக்கிறது. எந்தப் பறவையைக் கூப்பிடலாம், எதைக் கூப்பிட்டால் தொல்லை, எதற்குத் தீனியே வேண்டாம் ஒரு மரம் போதும் என்று தெரிந்துகொண்டால், அதிகச் செலவில்லாமல் கொல்லையிலும் வயலிலும் புழு பூச்சியைக் குறைக்க வழி கிடைக்கும்.

ஹம்மிங் பறவை இங்கே இல்லை

பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும் ஹம்மிங் பறவையைப் படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். அடையாறில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஹம்மிங் பறவை வந்தது என்று சொல்லக் கேட்பதும் உண்டு. அது சரியல்ல. ஹம்மிங் பறவைகளில் 300க்கு மேற்பட்ட வகைகள் இருந்தாலும் அத்தனையும் வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை அடுத்த தீவுகளிலும் மட்டுமே வாழ்பவை. சென்னையில் அப்படித் தோன்றுவது தேன்சிட்டாக இருக்கும். அல்லது பகலில் பறந்து பூவில் தேன் உறிஞ்சும் ஒருவகை அந்துப்பூச்சியாக இருக்கும்.

தேன்சிட்டு நம் நாட்டுப் பறவை. கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிதான உடல், கீழ்நோக்கி வளைந்த மெல்லிய அலகு, ஓரிடத்தில் நில்லாத துறுதுறுப்பு. சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மூன்று வகைகளைக் காணலாம். மிகுதியாகக் காணப்படுவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. இதன் ஆணுக்கு வயிறு மஞ்சள், மார்பில் கருஞ்சிவப்புப் பட்டை, உச்சந்தலையில் பச்சை மினுக்கம். இரண்டாவது ஊதாத் தேன்சிட்டு. தூரத்தில் கரேலென்று தெரியும் ஆண், வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாகப் பளபளக்கும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்த நிறம் போய், மார்பின் நடுவில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். மூன்றாவது லோட்டன் தேன்சிட்டு. அலகு மற்ற இரண்டையும்விட நீளம், வளைவும் அதிகம். 1750களில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டன் என்பவர் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். மூன்றிலும் பெண் பறவை பகட்டில்லாத மங்கல் நிறம்தான்.

ஹம்மிங் பறவைக்கும் தேன்சிட்டுக்கும் முக்கியமான வேற்றுமை ஒன்று உண்டு. ஹம்மிங் பறவை பறந்தபடியே குடிக்கும். தேன்சிட்டு ஓரிரு நொடி சிறகடித்து நின்றாலும், பெரும்பாலும் காம்பிலோ கிளையிலோ உட்கார்ந்துதான் குடிக்கும். ஆகையால் உட்காரக் கிளையுள்ள செடியாக வைக்க வேண்டும். குழல் வடிவப் பூவாக இருந்தால் அலகை நேரே விடும். செம்பருத்தி போன்ற பெரிய பூவாக இருந்தால் அடிப்பக்கத்தில் துளையிட்டுத் தேனைத் திருடிவிடும்.

எந்தச் செடிக்கு வரும்?

செம்பருத்தி, இட்லிப்பூ, மாதுளை, அகத்தி, கல்யாண முருங்கை, வாழை ஆகிய எல்லாவற்றின் பூவுக்கும் தேன்சிட்டு வரும். முருங்கைப் பூவையும் விடாது. இவற்றில் பாதியாவது நம் கொல்லைகளில் ஏற்கெனவே இருப்பவை. நகரத்தில் தொட்டி வாங்கி, செம்மண் வாங்கி, நாற்றுப் பண்ணையில் செடி வாங்கிச் செய்வதை, கிராமத்தில் வேலி ஓரம் இரண்டு கல்யாண முருங்கைப் போத்தை ஊன்றிச் செய்துவிடலாம். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. ஒரே செடியை நிறைய வைப்பதைவிட, ஒன்று ஓய்ந்ததும் மற்றொன்று பூக்கும்படி நாலைந்து வகையாக வைத்தால் ஆண்டு முழுவதும் பறவை இருக்கும்.

சென்னைப் பூங்காக்களிலும் வீட்டு மதில் ஓரங்களிலும் ஹேமீலியா என்ற புதர்ச்செடியைக் காணலாம். ஆரஞ்சு நிறத்தில் சிறு குழல் போலப் பூக்கும். இது அமெரிக்கச் செடி; அங்கே ஹம்மிங் பறவை குடிக்கும் பூ. இங்கு அதே பூவில் தேன்சிட்டு குடிக்கிறது. செடி கடல் கடந்து வந்தாலும் அதற்கேற்ற அலகு இங்கே காத்திருந்தது போலும்!

தேன்சிட்டுக்குத் தேன் மட்டும் உணவல்ல. சிலந்தியும் சிறு பூச்சிகளும் வேண்டும். முக்கியமாகக் குஞ்சுகளுக்கு ஊட்டுவது பூச்சிகளையே. பூ நிறைய இருந்தும் மருந்தடித்துப் பூச்சியே இல்லாத தோட்டத்தில் தேன்சிட்டு குடித்துவிட்டுப் போகுமே தவிரக் கூடு கட்டாது. கூடு கட்டவும் சிலந்தி வலை தேவை. நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு ஆகியவற்றைச் சிலந்தி நூலால் ஒட்டிப் பை போலத் தொங்கவிட்டு, வாயிலுக்கு மேல் சிறு தாழ்வாரமும் வைக்கும். தொங்கும் கொடி, மின்கம்பி, துணி உலர்த்தும் கயிறு என்று மனிதர் நடமாட்டம் உள்ள இடத்திலேயே கட்டிவிடும். பெரும்பாலும் இரண்டு முட்டைகள். இரண்டு வாரத்தில் பொரித்து, அடுத்த இரண்டரை வாரத்தில் குஞ்சுகள் பறந்துவிடும். அந்த ஒரு மாதத்துக்குக் கயிற்றில் துணி உலர்த்தாமல் இருந்தால் போதும். கூட்டைத் தொடவும் கூடாது, கிட்டத்தில் நின்று படம் எடுக்கவும் கூடாது. ஆள் நிற்பதைப் பார்த்துக் காகம் கூட்டைக் கண்டுபிடித்துவிடும்.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சிட்டு மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரி என்று எண்ணிப் பொழுதெல்லாம் கொத்திக்கொண்டிருப்பதும் உண்டு. ஒரு துணியால் கண்ணாடியை மூடிவிட்டால் சண்டை தீர்ந்தது.

சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா?

அமெரிக்காவில் ஹம்மிங் பறவைக்குப் புட்டியில் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடுவது பெருவழக்கு. நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை என்பது அளவு. அந்த மாதிரிப் புட்டிகள் இப்போது சென்னையிலும் கிடைக்கின்றன. வைத்துப் பார்க்க விரும்புவோர் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் சத்து என்று கருதிக் கரைத்து வைக்கக் கூடாது. தேனும் கூடாது, எளிதில் பூஞ்சணம் பிடிக்கும். சிவப்புச் சாயம் தேவையில்லை. சென்னை வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் ஒரே நாளில் புளித்துவிடும். ஆகையால் தினமும் கொட்டி, வெந்நீரில் கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும். எறும்பு வராமல் இருக்கத் தொங்கும் கம்பியில் தண்ணீர்க் கிண்ணம் ஒன்றைக் கோத்துவிடலாம். கம்பியில் கிரீஸ் தடவினால் அது பறவையின் இறகில் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவு வேலையும் எதற்கு? ஒரு செம்பருத்திப் போத்து இதைவிட நன்றாக அந்த வேலையைச் செய்யும்; கழுவ வேண்டியதும் இல்லை. கொல்லை உள்ளவர்களுக்குப் புட்டி அநாவசியம்.

மாமரக்காரர் கவனத்துக்கு

தேன்சிட்டால் நேரான பணவரவு பெரிதாக இல்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அகத்தி, கல்யாண முருங்கை போன்றவற்றில் மகரந்தச் சேர்க்கைக்கு உதவும். சிறு பூச்சிகளைத் தின்னும். அவ்வளவே. மாந்தோப்பு வைத்திருப்பவருக்கோ இதில் ஒரு சங்கடமும் உண்டு. மாமரக் கிளையில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் புல்லுருவியின் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது தேன்சிட்டுதான். அது காய்த்துப் பழுத்தபின் பழத்தைத் தின்று விதையைப் பரப்புவது பூங்கொத்தி என்ற மற்றொரு சிறு குருவி. புல்லுருவி விதை பசை போல ஒட்டும். பூங்கொத்தி அதை வெளியேற்றும்போது உடம்பில் ஒட்டாமல் கிளையில் தேய்த்துவிடும். தேய்த்த இடத்திலேயே புதுப் புல்லுருவி முளைக்கும்.

இதற்காகக் குருவிகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. புல்லுருவி பழம் பழுக்கும் முன்பே, அது ஒட்டியிருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே கிளையோடு சேர்த்து வெட்டிவிட வேண்டும். புல்லுருவியை மட்டும் ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். பூங்கொத்திக்கு வேறு பழம் வேண்டுமானால் தேன்பழ மரம் எனப்படும் சர்க்கரைப்பழ மரம் ஒன்று போதும். சென்னைத் தெருக்களில் தானே முளைத்து வளரும் இந்த மரத்தில் வருடம் முழுவதும் பழம் இருக்கும். பூங்கொத்தி, கொண்டைக்குருவி, குயில், அணில், இரவில் வௌவால் என்று ஓயாத கூட்டம்.

பழம் தின்னும் பறவைகளுக்கு வீட்டுக் கறிவேப்பிலை மரமும் நல்ல தீனி. எல்லாக் கிளையையும் ஒடித்து விற்றுவிடாமல் ஒன்றிரண்டைப் பூத்துக் காய்க்க விட்டால், கறுத்த பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் தேடி வரும். பப்பாளியில் எட்டாத உச்சிப் பழத்தை அப்படியே விட்டுவைப்பது பலர் வழக்கம். மைனாவும் குக்குறுவானும் குடைந்து தின்றுவிட்டுப் போகும்.

மாடியில் வைக்கும் சோறு

மயிலாப்பூர் வீடுகளில் பறவைத் தீனி என்பது புதிய பொழுதுபோக்கு அல்ல. சமைத்த சோற்றில் முதல் பிடி காக்கைக்கு என்பது நெடுநாளைய வழக்கம். பொங்கலுக்கு மறுநாள் கனுப்பிடி வைக்கும்போது மஞ்சள் இலையில் நிறச் சோறு வைப்பார்கள். காகத்துக்குப் போடும் சோறு குயிலுக்கும் போய்ச் சேருகிறது என்பது வேடிக்கை. குயில் காகத்தின் கூட்டில் முட்டையிட, காகமே அந்தக் குஞ்சையும் ஊட்டி வளர்க்கிறது. காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பதில் தவறில்லை. ஆனால் ஊசிப்போனதை வைக்கக் கூடாது. உப்பு மிகுந்த பண்டம், காராபூந்தி, பிஸ்கட் போன்றவையும் ஆகாது.

மயிலாப்பூரை ஒட்டிய ராயப்பேட்டையில் கேமரா பழுது பார்க்கும் தொழில் செய்த ஜோசப் சேகர் என்பவர் கிளிகளுக்கு உணவிட்டது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. 2004 டிசம்பரில் வந்த சுனாமிக்குப் பிறகு அவர் வீட்டு மாடிக்கு ஒரு சில கிளிகள் வந்தன. அரிசியை ஊறவைத்துப் பலகைகளில் பரப்பி வைக்கத் தொடங்கினார். பத்தாண்டுகளில் காலையும் மாலையும் ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் இறங்கும் இடமாக அது ஆகிவிட்டது. வருமானத்தில் பெரும்பங்கை அரிசிக்கே செலவிட்டார். பார்க்க வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

இந்தக் காட்சியை விவசாயி பார்த்தால் மனம் இரண்டாகப் பிரியும். அழகுதான், ஆனால் கொய்யாத் தோப்பிலும் மக்காச்சோளக் கொல்லையிலும் சூரியகாந்தியிலும் கிளிக் கூட்டம் இறங்கினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். தின்பதைவிடக் கடித்துப் போடுவது அதிகம். நகரத்தில் சரியாக இருப்பது தோப்புக்கு நடுவே சரியாகாது. கிளியைத் தீனி போட்டுத் தோட்டத்துக்கு வரவழைக்க வேண்டாம். விளைச்சல் காலத்தில் பளபளக்கும் ரிப்பன் கட்டுவது, பழங்களுக்கு உறை போடுவது ஆகியவற்றால் தடுக்கலாம். கண்ணி வைத்துப் பிடிப்பதும், பிடித்துக் கூண்டில் வளர்ப்பதும், கொல்வதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மாடித் தீனியில் இன்னொரு தொல்லை மாடப்புறா. தானியத்தைக் குவித்து வைத்தால் சிட்டுக்குருவிக்கு முன்னால் புறா வந்துவிடும். அடுக்குமாடிக் கட்டிடங்களின் ஜன்னல் விளிம்பிலும் குளிர்சாதனப் பெட்டி இடுக்கிலும் கூடு வைத்துப் பெருகும். அதன் எச்சம் காய்ந்து தூசியாகக் கலந்த காற்றை நெடுநாள் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் நோய் வருகிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். மும்பையில் புறாக்களுக்குத் தீனி போடும் பழைய இடங்களை 2025ல் மூட முற்பட்டபோது பெரிய தகராறே ஆயிற்று. ஆகவே தீனி போடுபவர்கள் ஒரு நேரத்துக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போடாமல் இருப்பது நலம். அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும் அளவே சரியான அளவு.

சிட்டுக்குருவி எங்கே போயிற்று?

சென்னைவாசிகள் அதிகம் வருந்துவது சிட்டுக்குருவிக்காக. செல்போன் கோபுரத்தால் அழிந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. அது இதுவரை உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. 2020ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய முன்போலவே இருக்கிறது என்றும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றும் கூறியது. காரணம் தேட அதிக தூரம் போக வேண்டாம். ஓட்டு வீடு போய்க் கான்கிரீட் வீடு வந்தபின் விட்டத்து இடுக்கு இல்லை. மூட்டை பிரித்துப் படியால் அளந்து விற்ற மளிகைக் கடை போய்ப் பாக்கெட் வந்தபின் வாசலில் சிந்தும் தானியம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குஞ்சுக்கு ஊட்டப் புழு இல்லை. பெரிய குருவி தானியம் தின்னும். பிறந்த குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும் வேண்டும். தானியத்தை மட்டும் கொட்டிக் குருவியை மீட்டுவிட முடியாது.

கூடு இல்லாத குறையை மரப்பெட்டி தீர்க்கும். வடசென்னையில் கூடுகள் என்ற அறக்கட்டளை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மரக்கூடு செய்யக் கற்றுக்கொடுத்து வீடுகளில் மாட்ட வைத்து வருகிறது. 2024 நவம்பரில் பிரதமரின் வானொலி உரையிலும் இந்தப் பணி குறிப்பிடப்பட்டது. பெட்டி செய்வது சுலபம். பழைய பலகையில் அரை அடிக்குக் குறையாத உயரத்தில் பெட்டி. முன்பக்கம் ஒன்றேகால் அங்குலத் துளை. துளை பெரிதானால் மைனா புகுந்துவிடும். பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் அடிக்காத சுவரில், பூனை ஏற முடியாதபடி மாட்ட வேண்டும். மின்விசிறி உள்ள அறைக்குள் மாட்டக் கூடாது. உடனே வரவில்லை என்று கழற்றிவிட வேண்டாம். சில பெட்டிகளுக்கு அடுத்த வருடம்தான் குடிவரும்.

கதிர் அறுத்ததும் ஒரு கொத்து நெற்கதிரைப் பின்னித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவது நம் முன்னோர் வழக்கம். குருவிக்கு இதைவிட நல்ல தீனித்தட்டு யாரும் செய்துவிடவில்லை. புறா அதில் தொங்கித் தின்ன முடியாது. குருவிக்கோ அது கஷ்டமே இல்லை. நகரத்தில் இப்போது இதை அழகுக்காக விலை கொடுத்து வாங்கி மாட்டுவோரும் உண்டு. சென்னையைச் சுற்றியுள்ள செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் சிறு விவசாயிகள், நீண்ட கதிருள்ள பாரம்பரிய ரகத்தில் கொஞ்சம் ஒதுக்கிப் பின்னி விற்றுப் பார்க்கலாம். பெரிய வருமானம் இல்லை என்றாலும் கைச்செலவுக்கு ஆகும். கதிரைத் தாளோடு அறுத்து நிழலில் உலர்த்த வேண்டும்; அறுவடைக்குச் சமீபத்தில் மருந்தடித்த வயல் கதிர் கூடாது.

தீனியைவிடத் தண்ணீர்

மாசி முடிந்து வெயில் ஏறிவிட்டால் பறவைக்குத் தானியத்தைவிடத் தண்ணீரே பெரிய உதவி. அகலமான மண்தட்டு வேண்டும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் கூடாது. நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டால் சிறு குருவி அதன்மேல் நின்று குடிக்கும். பிளாஸ்டிக் வாளியில் பாதி நீர் வைத்தால் குஞ்சுகள் விழுந்து சாகும். தட்டைச் செடிப் புதருக்கு ஒட்டி வைத்தால் பூனை பதுங்கி நிற்கும். நாலைந்து அடி தள்ளி, திறந்த இடத்தில் ஒரு கல்லின்மேல் வைக்க வேண்டும். தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவுவது அவசியம். ஒரு வாரம் மாற்றாமல் விட்டால் டெங்கு பரப்பும் கொசு அதில் பெருகும். சென்னையில் மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து பார்ப்பது இதைத்தான்.

தேன்சிட்டு தட்டில் இறங்குவது குறைவு. இலைமேல் நிற்கும் நீரில் புரண்டு குளிப்பதே அதற்குப் பிரியம். காலையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது இலைகளின் மேலும் தெளித்தால் வந்துவிடும்.

வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காகம், புறா, மைனா ஆகியவை கோழியின் தட்டில் தின்னும்படி விடக் கூடாது. வெள்ளைக் கழிச்சல் போன்ற நோய்கள் இப்படிப் பரவலாம். காட்டுப் பறவைக்குத் தனித் தட்டு, தனி இடம். கோழிக்கு உரிய காலத்தில் தடுப்பு மருந்து. காகமோ புறாவோ கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தீனி கேட்காத வேலைக்காரர்கள்

விவசாயிக்கு அதிகப் பயன் தரும் பறவைகள் தட்டுக்கு வருவதே இல்லை. கரிச்சான் எனப்படும் இரட்டைவால் குருவி, பனங்காடை, தையல்சிட்டு, தவிட்டுக்குருவி, செண்பகம், கூகை ஆகியவற்றுக்கு அரிசி வேண்டாம். உட்கார இடமும் கூடு வைக்க இடமும் வேண்டும்.

அடையாறு ஆற்றங்கரையில் 1882ல் பிரம்மஞான சபை வந்து அமைந்ததால் அங்கே ஒரு பெரிய தோப்பு இன்றும் நகரத்தின் நடுவே இருக்கிறது. 1978ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடும் அருகிலேயே உள்ளது. மற்ற இடங்களில் மறைந்த பறவைகள் இங்கே இருப்பதற்குக் காரணம் யாரும் தீனி போடுவதல்ல. பட்ட கிளையை வெட்டுவதில்லை, சருகைக் கூட்டிக் கொளுத்துவதில்லை. வடக்கேயிருந்து புரட்டாசி, ஐப்பசியில் இரவோடு இரவாகப் பறந்து வரும் ஆறுமணிக் குருவி, களைத்து இறங்கும்போது தேடுவது சருகு மூடிய தரையைத்தான். சருகைக் கிளறிப் புழு தின்று அது குளிர்காலத்தைக் கழிக்கிறது. மயிலாப்பூர் லஸ் பகுதியின் நாகேசுவரராவ் பூங்காவானாலும், தியாகராய நகரின் பனகல் பூங்காவானாலும், மரத்தடி சுத்தமாகப் பெருக்கப்படும் இடத்தில் தரையில் மேயும் பறவைக்கு வேலை இல்லை. தோப்பில் சருகு மூடாக்குப் போடும் விவசாயி, மண் ஈரத்தைக் காப்பதோடு தவிட்டுக்குருவிக்கும் வேலை கொடுக்கிறார்.

மொட்டைத் தென்னை, பட்டுப்போன பனை ஆகியவற்றை விறகுக்காக உடனே சாய்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆபத்தில்லாத இடத்தில் நிற்பதாக இருந்தால் ஒன்றிரண்டை விட்டுவைக்கலாம். பனங்காடை அந்தப் பொந்தில்தான் முட்டையிடும். அது தின்பது வெட்டுக்கிளி, வண்டு, சிறு எலி. கிளியும் அதே பொந்துக்கு வரும் என்பது உண்மை. ஆனால் கிளிக்காகப் பனங்காடையை இழப்பது லாபமான கணக்கல்ல.

நெல் வயலில் டி வடிவக் குச்சிகளை ஏக்கருக்கு இருபது வீதம் ஊன்றினால் கரிச்சான் வந்து உட்காரும். பயிருக்கு ஓரடி மேலே குறுக்குக் கட்டை இருக்க வேண்டும். அங்கிருந்தே அந்துப்பூச்சியையும் வெட்டுக்கிளியையும் பாய்ந்து பிடிக்கும். இரவில் அதே குச்சியில் கூகை உட்கார்ந்து எலி பிடிக்கும். குறுக்குக் கட்டையில் வைக்கோல் சுற்றிவிட்டால் அதன் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும். கதிர் பால் பிடிக்கும் முன் குச்சிகளை எடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகளுக்கு அதுவே ஆசனமாகிவிடும். கூகை அலறினால் சாவு வரும் என்ற பயத்தில் கல்லெறிவது இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. சாவது எலிதான். மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் கூகைக்கென்று பெட்டி செய்து கம்பத்தில் வைத்து எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

இவ்வளவையும் ஒரு பிடி விஷம் கெடுத்துவிடும். கார்போபியூரான் குருணை மருந்தைத் தானியம் என்று எண்ணிப் பொறுக்கும் சிறு குருவி ஒரே குருணையில் சாகும். இந்தக் காரணத்தை முன்னிட்டே அமெரிக்காவில் 1990களில் அந்தக் குருணை பெரும்பாலும் விலக்கப்பட்டது. மருந்தில் நேர்த்தி செய்த விதை மிஞ்சினால் முற்றத்தில் கொட்டக் கூடாது. ஆழக் குழிவெட்டிப் புதைக்க வேண்டும். எலி மருந்து விஷயத்திலும் கவனம் தேவை. புரோமோடியோலான் தின்ற எலி உடனே சாகாமல் இரண்டு மூன்று நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகையும் சேர்ந்து சாகும். கூகை நடமாடும் வயலில் அந்த மருந்தைத் தவிர்த்து, கிட்டி வைத்துப் பிடிப்பதே சரி.

பார்ப்பது எப்படி?

பறவை பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பதில்லை. மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இப்போதைய ராதாகிருஷ்ணன் சாலையில், வாழ்ந்த இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), காட்டு யானையைப் பற்றி எழுதியது போலவே சாதாரணக் காகம், அணில் பற்றியும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைகளில் எழுதினார். தமிழிலும் எழுதினார். வீட்டைச் சுற்றி உள்ளதைப் பொறுமையாகப் பார்த்ததே அவருடைய முறை.

காலை ஆறு முதல் எட்டு மணி வரையும் மாலை நாலு மணிக்கு மேலும் பறவை நடமாட்டம் அதிகம். நிறம் மங்கிய உடையோடு அசையாமல் கால்மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எந்தப் பறவை, எத்தனை, எந்தச் செடியில், என்ன தின்றது என்று பிள்ளைகளை ஒரு நோட்டில் எழுத வைக்கலாம். ஒரு வருடம் எழுதினால் எந்த மாதத்தில் எந்தப் பூச்சி ஏறுகிறது, எந்தப் பறவை அதைத் தேடி வருகிறது என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்ட் என்ற கணினிப் பதிவேட்டில் சேர்ப்பதுதான் வேலை. கைப்பேசியிலேயே செய்யலாம். கட்டணம் கிடையாது. சென்னையிலிருந்து நிறையப் பட்டியல்கள் போகின்றன. வயல்வெளியிலிருந்து போகும் பட்டியல்கள் கூடினால், எந்தப் பறவை பயிர்களுக்கிடையே நிலைத்திருக்கிறது, எது குறைகிறது என்று கணக்கிடுபவர்களுக்கு உதவும். கரும்பும் மஞ்சள் கொத்தும் வெட்டும் அந்த நாட்களில் விவசாயி எப்படியும் விடியலில் வயலில்தான் இருப்பார். பள்ளி செல்லும் பிள்ளை ஒருவரும் நோட்டுடன் கூட வந்தால் பட்டியல் ஆயிற்று.